விழிப்படைந்த தோட்டம்

அறியாமை இருளை அகற்ற எத்தனையோ மகான்கள் பாடுபட்டுத் தோற்றிருக்கிறார்கள். நோர்வூட்டுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர் மதுசூதனனோ, அதை ஒரே பிற்பகலில், வடை, தேநீர் உட்பட, அகற்றி முடித்தார்.

கூட்டத்தின் பெயர் 'வலிப்பு நோய் பற்றிய மாபெரும் விழிப்புணர்வு'. மதுசூதனன் மேடையில் முழங்கினார். வலிப்பு சாபமல்ல, பேயுமல்ல. மூளையில் ஏற்படும் ஒரு கோளாறு. தொட்டால் ஒட்டாது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலோர் எல்லோரையும் போல வேலை செய்யலாம். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் இரும்பு வேண்டாம், வாயில் எதுவுமே வேண்டாம். தோட்டத் தலைவர் சோலைமலை எல்லோருக்கும் முந்திக் கை தட்டினார்.

இவ்வளவு பெரிய பேச்சுக்கு ஓர் 'உதாரணம்' வேண்டாமா? கௌசியை அழைத்து வந்து மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். ஒருநாள் அங்கேயே வலிப்பு வந்து விழுந்தாள். 'குழந்தைகளின் பாதுகாப்புக் கருதி' அவளை வேலையிலிருந்து நிறுத்தியவர் மதுசூதனன்தான். அதன்பின் மாத்திரை எடுத்து, வலிப்பே வராமல் வருடக்கணக்காக நன்றாக இருக்கிறாள். அந்தத் தகவல் நிர்வாகத்துக்கு அவசியப்படவில்லை.

மதுசூதனன் மைக்கைப் பொத்திக்கொண்டு, வலிப்பு எப்படி வரும் என்பதைச் சனங்களுக்குக் கொஞ்சம் செய்து காட்டும்படி அவளிடம் கேட்டார்.

"எனக்கு வர்றப்ப நான் பாக்குறதில்லைங்க ஐயா," என்றாள் கௌசி. "பாத்தவங்க நீங்கதான். நீங்களே செஞ்சு காட்டுங்க."

பொதுநலத்துக்காக எதையும் செய்யும் மதுசூதனன் அதையும் செய்தார். பள்ளிக்கூட நாடகத்தில் முதல் பரிசு வாங்கியவர். கண்ணைச் செருகிக் கையை முறுக்கி, மேடையில் தொப்பென்று விழுந்தார்.

விழிப்படைந்திருந்த கூட்டம் உடனே செயலில் இறங்கியது. சோலைமலை தம் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். வடைக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தவர் ஓடிவந்து கரண்டியைப் பல்லுக்கிடையே நெம்பினார். இரண்டு பேர் காலில் ஏறி உட்கார்ந்தார்கள். நடிக்கிறேன் என்று சொல்லலாம்தான்; வாயில் கரண்டி. திமிறினார். வலிப்பு கூடுகிறதென்று இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். கடைசியில் கௌசிதான் ஆட்களை இழுத்துத் தள்ளிவிட்டுக் கரண்டியை வெளியே எடுத்தாள். கூடவே முன்பல் ஒன்றும் வந்தது.

மறுநாளிலிருந்து மதுசூதனன் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் போய், அது நடிப்பு என்று விளக்கினார். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று சனங்கள் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். ஹட்டனில் அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணின் வீட்டாருக்குத் திடீரென்று மகளின் மேற்படிப்பு ஞாபகம் வந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை அவரை அழைத்து, அவருடைய பாதுகாப்புக் கருதி மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார். அந்த வாசகத்தை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று மதுசூதனனுக்குத் தோன்றியது. எங்கே என்பதுதான் ஞாபகத்துக்கு வரவில்லை.

வெட்கத்தை விட்டுக் கௌசியின் வீட்டுக்குப் போனார். துரையிடம் வந்து சாட்சி சொல்லும்படி கெஞ்சினார்.

"ஐயாவுக்கு வலிப்பு இல்லைன்னு சொல்றேங்க," என்றாள் கௌசி. "அப்படியே, இருந்தாலும் வேலை செய்யலாம்னும் சொல்லட்டுங்களா? மேடையில நீங்க சொன்னதுதானுங்க."

மதுசூதனன் பதறிப்போனார். "அதெல்லாம் வேணாம். இல்லைங்கிறத மட்டும் சொல்லு."

அவள் அதை மட்டும் சொன்னாள். கொழும்பு டாக்டர் ஒருவரும் அதையே சொன்னார். மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. பெண் வீட்டாருக்கு மேற்படிப்பு மறந்துபோனது. முன்பல்லும் புதிதாகக் கட்டியாயிற்று.

அடுத்த மாதம் பிள்ளைக்காம்பராவுக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகம் நடத்தியவர் மதுசூதனன். வந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் புதுப்பல் தெரியச் சிரித்து, வலிப்பு கிலிப்பு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார். வரிசையில் கௌசியும் நின்றாள். அவளிடம் மட்டும் எதுவுமே விசாரிக்காமல், அவள் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். அவளைப் பற்றி அவருக்குப் பூரண விழிப்புணர்வு இருந்தது.