அரக்கு சார் பாதிப் பாதியாகக் கேட்ட கேள்வி

ஹைதராபாத்தையும் செகந்திராபாத்தையும் சேர்த்துச் சலித்துப் பார்த்தாலும் அரக்கு சாரைப் போல ரகசியம் காத்த மனிதர் இன்னொருவர் அகப்பட மாட்டார். அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பாவில் என்ன இருந்தது என்பது அவர் வயிற்றுக்கு மட்டும்தான் தெரியும். மூடியைக் கொஞ்சமாகத் திறந்து, கையை உள்ளே விட்டு, தடவித் தடவியே சாப்பிட்டு முடித்துவிடுவார். "என்ன சார், தயிர் சாதமா?" என்று யாராவது கேட்டால், "உனக்குக் கைக்கு பா?" என்பார். கைக்கு என்றால் எதுக்கு. பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே செகந்திராபாத் பக்கத்துப் போலாரத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. உருது வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. வீடு எதுவென்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று முன் ஸ்டாப்பிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பார். டாக்டரிடம் போனால்கூட என்ன உபத்திரவம் என்று வாயைத் திறக்க மாட்டாராம். படித்தவர்தானே, கண்டுபிடிக்கட்டும் என்று நாக்கை மட்டும் நீட்டுவாராம்.

உத்தியோகமும் இந்தக் குணத்துக்கென்றே செய்து வைத்தது போல அமைந்தது. எங்கள் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில், கேள்வித்தாள் கட்டுகளை உறையில் போட்டு, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்துகிற வேலை. பேர் வந்தது அப்படித்தான். அந்தக் கட்டுகள் இருக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி அவரிடம், மற்றது அதே பிரிவு மேடம் ஒருவரிடம்; அவருக்குப் பேரே சாவி மேடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். மேடம் தெலுங்குக்காரர். சாரும் தனி ஆள், மேடமும் தனி ஆள். சார் தமிழில் பேசுவார், மேடம் தெலுங்கில் பதில் சொல்வார், பல வருடமாக அந்தக் கதவு முன்னால் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் பல்கலைக்கழகம் தனக்கென்று ஒரு ஏஐ சாட்பாட் கொண்டுவந்தது. வளாகமே திருவிழாவாகிவிட்டது! எங்கள் ஐடி வைத்து உள்ளே போனால் போதும், கேட்டதெல்லாம் கொட்டும். வெளியில் கிடைக்கிற பாட் மாதிரி இல்லை, இதில் நாம் எழுதுவது வளாகத்தை விட்டு வெளியே போகாது, ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது என்று சுற்றறிக்கை வந்தது. ஒரு பேராசிரியர் தன் ஆராய்ச்சிக் கட்டுரையைக் காட்டி அபிப்பிராயம் கேட்டு, அது சொன்ன அபிப்பிராயத்தில் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். கேண்டீன்காரர் என் ஐடியைக் கேட்டுப் பின்னாலேயே அலைந்தார். கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த என்னை ஒவ்வொரு பிரிவாகப் போய்ச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். மதுரையிலிருந்து வந்த எனக்கு அந்த ஊரில் அவ்வளவு மரியாதை அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

தேர்வுப் பிரிவில் லேப்டாப்பைத் திறந்ததும் அரக்கு சார் அதன் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.

"இது சேஃப்பா?"

"ரொம்ப சேஃப் சார்."

"நீ சொன்னா ஆச்சா? நான் செக் பண்றேன். ஜரா தள்ளு."

என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, தன் ஐடியில் எதையோ தட்டினார். பிறகு என் ஐடியில் நுழையச் சொன்னார். "இப்போ கேளு. அரக்கு சார் என்ன சொன்னாருன்னு கேளு." கேட்டேன். மற்றவர்களின் உரையாடல் தனக்குத் தெரியாது என்றது பாட். "கெஞ்சு பா." கெஞ்சினேன். தெரியாது என்றது. "மிரட்டு! துணைவேந்தர் கேக்கறாருன்னு போடு!" போட்டேன். மன்னிக்கவும் ஐயா, தெரியாது என்றது. சார் மேஜையை ஓங்கித் தட்டினார். "ஹவ்! இது ஆளு! இத்தனை வருஷ சர்வீஸ்ல வாயை மூடிட்டு இருக்கிற ஒருத்தரை இப்பத்தான் பாக்கறேன்!"

அன்றிலிருந்து சார் அதை விடவில்லை. மானிட்டருக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு தட்டுவார். ஆவி பிடிக்கிறாரோ என்று நினைத்து ஒரு மாணவன் விக்ஸ் டப்பா நீட்டினான்.

அதே வாரத்தில் சாவி மேடத்துக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. போக இஷ்டமில்லையென்றால் வெள்ளிக்கிழமைக்குள் பதிவாளரிடம் சொல்லலாம். மேடம் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அரக்கு சார் மட்டும் துண்டுக்குள்ளேயே இருந்தார்.

வியாழக்கிழமை ஸ்ட்ராங் ரூம் கேமராவைச் சரிபார்க்க நான் போயிருந்தேன். இருவரும் சாவியோடு வந்தார்கள். சார் சாவியைப் பூட்டில் விட்டார், ஆனால் திருப்பவில்லை. மேலே பார்த்துக்கொண்டு, ஆங்கிலத்தில், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கத் தொடங்கினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மேடம், நமக்கிடையே உள்ள பிரச்சினையை மேலதிகாரி ஒருவர் முன்னிலையில் சுமுகமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தங்கள் நீண்ட சேவைக்கு நன்றி. தங்கள் எதிர்காலம் புதிய இடத்தில் சிறக்க வாழ்த்துகள்."

மேடம் முகம் வாடிப்போனது. "சரேண்டி" என்று மட்டும் சொல்லித் தன் சாவியைத் திருப்பினார். சாரும் திருப்பினார். கட்டுகளை எடுத்துப் பூட்டியதும் மேடம் விடுவிடுவென்று போய்விட்டார்.

சார் நேராக என்னிடம் வந்தார். "உன் பாட் என்னைக் கவுத்துடுச்சு பா."

"என்ன சார் கேட்டீங்க அதுகிட்ட?"

பதில் வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. தேர்வுப் பிரிவின் வழக்கம், ஒரு கேள்வித்தாளை ஒரே ஆள் முழுதாகப் பார்க்கக் கூடாது. பகுதி ஏ ஒருவரிடம், பகுதி பி இன்னொருவரிடம். மனுஷன் அதையே பாட்டிடமும் செய்திருக்கிறார்! காலையில் ஒரு உரையாடலைத் திறந்து, 'பல வருடமாகக் கூட வேலை பார்ப்பவரிடம் ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும், பயமாக இருக்கிறது' என்று பாதி. சாயங்காலம் அதை மூடிவிட்டுப் புதிதாக இன்னொன்றைத் திறந்து, 'அவர் மாற்றலாகிப் போகிறார், மரியாதையாக என்ன சொல்லலாம்' என்று மீதி. ஒரு உரையாடலில் எழுதியது இன்னொன்றில் அதற்குத் தெரியாது. அது பாவம், முதலில் சண்டை என்று நினைத்துச் சமாதானத்துக்கு வழி சொன்னது. அப்புறம் வழியனுப்பு விழா என்று நினைத்து வாழ்த்துச் சொன்னது. இவர் இரண்டையும் ஒட்டிக்கொண்டு போய் ஒப்பித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"சார், நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஒரே தடவையில முழுசாக் கேளுங்க."

"முழுசா ஒரே இடத்துல வைக்கறதா? நக்கோ பா. நான் வச்சதே இல்லை." நக்கோ என்றால் வேண்டாம்.

"அப்ப மேடம் போயிடுவாங்க."

மறுநாள் மத்தியானம் துண்டில்லாமல் உட்கார்ந்தார். நான் சொல்லாமலே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஒற்றை விரலால் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி தட்டினார். ஏதோ நானே பெண் கேட்கப் போகிற மாதிரி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"டேய், இங்க வா. படி."

அவர் ஒரு மனிதரிடம் எதையாவது காட்டி நான் பார்த்தது அதுதான் முதல். பாட் நாலு வரிதான் எழுதியிருந்தது. 'இதற்கு நான் வேறு வாசகம் எழுதித் தர வேண்டியதில்லை. நீங்கள் இப்போது எனக்கு எழுதியதையே அவரிடம் சொல்லுங்கள். இதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது. சீக்கிரம் போங்கள்.' மேலே அவர் எழுதியிருந்ததையும் படித்தேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

நிமிர்ந்தால் ஆளைக் காணோம். ஓடிக்கொண்டிருந்தார்! வராந்தாவில் தேர்வுக் கட்டணம் கட்ட மாணவர் கூட்டம். அதற்கு அந்தப் பக்கம் மேடம், கைப்பையை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். கூட்டத்துக்குள் புக முடியாமல் சார் இந்தப் பக்கத்திலிருந்தே கத்தினார்.

"மேடம்! போக நக்கோ! நீங்க வர்ற நாள்லதான் எனக்கு ஆபீஸ் வரவே தோணுது! உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை!"

வரிசை மொத்தமும் திரும்பியது. கவுண்டர்க்காரர் ரசீது கிழிப்பதை நிறுத்தினார். தமிழ் தெரியாத பையன்களுக்குத் தெரிந்த பையன்கள் அவசர அவசரமாகத் தெலுங்கிலும் இந்தியிலும் சொன்னார்கள்.

மேடம் சிவந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தார். "மெல்லகா செப்பண்டி, அந்தரு விண்டுன்னாரு." மெதுவாகச் சொல்லுங்கள், எல்லாரும் கேட்கிறார்கள்.

"கேக்கட்டும்!" என்றார் அரக்கு சார். "எல்லாரும் கேக்கட்டும் பா!"

மேடம் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். வெளிவாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தவர் திரும்பி, பதிவாளர் அறையைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நின்று, "நீங்களும் ரண்டி" என்று கூப்பிட்டார். வாருங்கள் என்று. பையன்கள் விசிலடித்த சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

சாரோ அப்படியே நின்று அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். நான் ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினேன். மனுஷன் நல்ல கனம். இறக்கிவிடவே மனசு வரவில்லை எனக்கு.