யாருக்கும் எதுவும் ஆகாத பாலிசி

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள். நீ விற்கிற பாலிசியை நீயே எடுத்துக்கொள்ளாத வரைக்கும் சௌக்கியத்துக்கு என்ன குறை? இங்கே உன் அக்கா சுகம். நிறைமாதமாக இருக்கிற மகள் சுகம். மாப்பிள்ளை சுகம். என் இடது கை மட்டும் மணிக்கட்டுக்கு மேலே உடைந்து, மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்குகிறது. எழுதுகிற கை தப்பியது உன் போதாத காலம்.

நாங்கள் வெளிநாடு புறப்படுவதற்கு முன், இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்ற ஹோதாவில் நீ மூன்று பாலிசிகளோடு வந்து எங்கள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் சொத்தையே எழுதிக் கேட்பார்கள், இன்சூரன்ஸ் இல்லாமல் விமானம் ஏறவே கூடாது என்று முழங்கியவன் நீ. முதல் பாலிசியைப் படித்துக்கொண்டே வந்தாய். ஆபரேஷன் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, எலும்பு முறிவு உண்டு. நான் தலையாட்டினேன். பாலிசிதாரர் இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்புவதும் கம்பெனி பொறுப்பு என்று அடுத்த வரியை நீ படித்ததுதான் தாமதம், பேரக்குழந்தைக்காக என் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்த உன் அக்கா, "வாயைக் கழுவுடா! பிள்ளை பிறக்கப்போற வீட்டுக்கு இந்தப் பேப்பரையா பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போறது?" என்று பாய்ந்தாள். இரண்டாவதிலும் அதே வரி. நீ என்ன செய்திருக்க வேண்டும்? எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நீயோ மூன்றாவதை நீட்டி, "இதுல அந்த மாதிரி வார்த்தையே கிடையாதுக்கா. இதுல யாருக்கும் எதுவுமே ஆகாது" என்றாய். "அப்ப ஆஸ்பத்திரிச் செலவு?" என்று நான் கேட்டேன். கேட்டேனா இல்லையா? அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள், ஏதோ நானே படுத்துக்கொள்ளத் தேதி குறித்துவிட்ட மாதிரி. பத்திரப்பதிவு ஆபீஸில் தலை நரைத்தவன், ஊரார் பத்திரத்தையெல்லாம் வரி விடாமல் படித்தவன், என் பத்திரத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

இந்த வீட்டுக் குளியலறையில் தரை நனையக் கூடாதாம். நனைந்தது. விழுந்தேன். மாப்பிள்ளை என்னை அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கவுன்டரில் இருந்த பெண் உன் பாலிசியை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, மாப்பிள்ளையிடம் ஏதோ கேட்டாள். அவர் தயங்கித் தயங்கி, "மாமா, விழும்போது கையில பெட்டி ஏதாவது வச்சிருந்தீங்களான்னு கேக்கறாங்க" என்றார். குளியலறைக்குள் யாரப்பா பெட்டியோடு போவான்? அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பெட்டி தொலைந்தால் பணம். பெட்டி தாமதமாக வந்தால் பணம். பெட்டியின் கைப்பிடி உடைந்தால்கூடப் பணம். என் கை உடைந்தால் அனுதாபம். கம்பெனிக்குப் போன் போட்டால், எடுத்துப் பேசிய மனிதர் அந்த அனுதாபத்தை மட்டும் தாராளமாகக் கொடுத்தார்.

எலும்பு விலகியிருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கை கோணிக்கொள்ளும் என்கிறார் டாக்டர். "நான் பாத்துக்கறேன் மாமா" என்கிறார் மாப்பிள்ளை. அவரோ பிரசவச் செலவுக்கே இரண்டு வேலை பார்க்கிறார். அவர் தலையில் என் கையையும் கட்டச் சொல்கிறாயா? அதனால் வெள்ளிக்கிழமை விமானத்தில் ஊருக்கே திரும்பி வைத்தியம் பார்ப்பதாக முடிவு. ஒற்றைக் கையோடு என்னைத் தனியாக அனுப்ப உன் அக்கா சம்மதிக்கவில்லை. அவளும் வருகிறாள். மகளோ சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுகிறாள். தாய் இல்லாமல் தலைப்பிரசவம், அதுவும் அந்நிய தேசத்தில். இது எதனால்? ஒரு வரியைக் கேட்க உங்கள் இருவருக்கும் காது கூசியதால்! உன் அக்காவுக்கு இப்பவும் புத்தி வரவில்லையப்பா. "அந்தப் பேப்பரை எடுத்துட்டு வராததாலதான் கையோட போச்சு"ங்கறா. இவளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய, நீயே சொல்லு. வார்த்தைக்குப் பயப்படறவன் எதுக்குடா இன்சூரன்ஸ் விக்கப் போனே? பொம்மை விக்கலாமே!

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசீர்வாதம். உனக்கு உண்டானது எலும்பு கூடிய பிறகு அனுப்பப்படும்.

இப்படிக்கு,
உன் அக்காவின் புருஷன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. பேத்தி! தாயும் சேயும் நலம். நல்ல கையில்தான் வாங்கிக்கொண்டேன். உன் அக்கா இங்கேயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை நான் மட்டும் வருகிறேன். ஏர்போர்ட்டுக்கு வந்துவிடு. இன்னொரு விஷயம். குழந்தைக்கும் இங்கே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை இன்று காலை ஒரு பாலிசியை நீட்டினார். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் அவரைப் படித்துச் சொல்லச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அதே வரி. "கண்ணையே இன்னும் சரியாத் திறக்கல, என் பேத்தி பேர்ல இதை எழுத எவனுக்கு மனசு வந்துது?" என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்திவிட்டேன். உன் அக்கா, "எல்லாம் இருக்கட்டும், பேசாமக் கையெழுத்துப் போடுங்க மாப்பிள்ளை" என்கிறாள், ஈவிரக்கமில்லாதவள். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த வார்த்தை இல்லாமல் குழந்தைகளுக்கு ஏதாவது பாலிசி இருக்கிறதா என்று உடனே பார்த்துச் சொல்லப்பா. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?