ஸ்பீக்கரை ஒரு அடி தள்ளி வைத்ததன் விளைவுகள்

அன்பு மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவேன். இம்முறை ஒருவருக்கு மட்டுமே என்னால் பொறுப்பேற்க முடியும், அவரும் சுமார்தான். மற்றொருவர், அதாவது உங்கள் அக்கா, பதினொரு நாட்களாக உங்கள் வீட்டில் இருப்பதால் அவள் நலத்தை நீங்கள்தான் எனக்குத் தெரிவிக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடுகிறாளா? முழங்கால் தைலத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

நிற்க. இது ஒரு புகார்க் கடிதம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, “அத்தான், ஸ்பீக்கர் ரெண்டும் சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒரு அடி தள்ளி வெச்சுப் பாருங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும்” என்றீர்கள். செருப்பை மாட்டும்போது, “திருகெல்லாம் தளர்ந்திருந்தா அதிரும், முடுக்கி விடுங்க” என்றும் சொன்னீர்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவர் சொல்கிறாரே என்று நானும் கேட்டுக்கொண்டேன். வித்தியாசம் தெரிந்துவிட்டது. அதைத்தான் கீழே விவரித்திருக்கிறேன்.

முப்பத்தோரு வருடம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்திய ஆய்வாளன் நான். ஒரு அடி என்றால் எனக்கு ஒரு அடிதான். பதினொன்றே முக்கால் அங்குலம் ஆகாது. அளவு நாடாவை வைத்து இரண்டு பெட்டிகளையும் சரியாக ஒரு அடி முன்னால் இழுத்தேன். இழுத்ததும் இடது பெட்டி உங்கள் அக்காவின் தையல் மிஷினில் முட்டியது. மிஷினை நடைவழிக்குத் தள்ளினேன். தள்ளியதும் படுக்கையறைக் கதவு பாதிதான் திறந்தது. ஒருக்களித்துப் போனால் போகலாம், நான் போனேன். அவளும் முணுமுணுத்துக்கொண்டே போனாள். பிறகு ஒரு புத்தகத்தில், இரண்டு பெட்டிகளும் கேட்பவர் தலையும் சம முக்கோணமாக இருக்க வேண்டும் என்று படித்தேன். அளந்து பார்த்ததில் என் தலை நடுக்கூடத்தில் வந்தது. அங்கே ஒரு நாற்காலிதான் போட முடியும், ஏனென்றால் ஒரு முக்கோணத்துக்கு ஒரு தலைதான். அவளுடைய நாற்காலி எதிரொலி செய்கிறது என்று பின்கட்டுக்கு அனுப்பினேன். பெட்டியின் வாய் காது மட்டத்துக்கு வரவேண்டும் என்பதால் எட்டு செங்கற்கள் உள்ளே வந்தன. வெறும் சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கிறது என்பதால் வீட்டிலிருந்த ஆறு போர்வைகளும் சுவரில் ஏறின. “போத்திக்க என்னங்க பண்றது?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், ஆனால் அது ஒலி சம்பந்தப்பட்டது அல்ல.

திருகுகளை மறக்கவில்லை. பெட்டியின் பின்புறம், ஆம்ப்ளிஃபையரின் மூடி, ரெக்கார்ட் பிளேயரின் மேல், பக்கம், அடி என்று கண்ணில் பட்ட திருகு ஒன்றையும் விடாமல் முடுக்கினேன். அன்று எங்கள் கல்யாணம் முடிந்த புதிதில் வாங்கிய அந்த இசைத்தட்டைப் போட்டேன். என்ன துல்லியம், என்ன சுறுசுறுப்பு! உங்கள் அக்கா மட்டும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க, பாடறவருக்கு பஸ்ஸு போயிடுமா? ஏன் இப்படி ஓடுறாரு?” என்றாள். தெளிவாகக் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன்.

அன்றிலிருந்துதான் இரைச்சல் ஆரம்பித்தது. பாட்டுக்கு அடியில், ‘ம்ம்ம்’ என்று ஏதோ ஒன்று. முன்பு நான் கேட்டதே இல்லை. ஆறு வாரம் அதைத் தேடினேன். வயர்களை மாற்றினேன். குளிர்பெட்டியை நிறுத்தினேன், பால் கெட்டது. சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினேன். உங்கள் அக்கா பல் வைத்தியரைப் பார்க்கப் போகவேண்டிய நேரம் தப்பியது. நோட்டுப் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு மாலை, பாட்டை ஓடவிட்டு, கையைக் காதில் குவித்துக்கொண்டு, சத்தம் வந்த திசையில் அடி மேல் அடி வைத்து நடந்தேன். கூடம் போயிற்று, நடைவழி போயிற்று, தையல் மிஷினில் இடுப்பை இடித்துக்கொண்டேன், சமையலறைக்குள் வந்தேன். அங்கே அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு பாட்டோடு சேர்ந்து முனகிக்கொண்டிருந்தாள். அதுவும் பாடுகிறவரின் சுருதிக்கு அரைக்கட்டை கீழே.

கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன், மறைக்க எதுவுமில்லை.

“இரைச்சல் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்” என்றேன்.

“அப்பாடா! எங்கேர்ந்து?” என்றாள் சந்தோஷமாக.

“உன்கிட்டேர்ந்து. பாட்டு ஓடும்போது வாயை மூடிக்கிட்டாப் போதும். முடியலேன்னா ஒரு அரைக்கட்டை ஏத்திக்கோ.”

கத்தியைக் கீழே வைத்தாள். “நான் ஒண்ணும் கீழ போகலை. உங்க பாட்டுதான் மேல போகுது.”

“அது ரெக்கார்டு. அது எப்படி மேல போகும்?”

“சரி. என் மிஷின் நடைவழியில கிடக்குது, என் நாற்காலி பின்கட்டுல கிடக்குது, போர்வை சுவத்துல தொங்குது. இப்ப நானே இரைச்சலாயிட்டேன். என்னை எங்க வெக்கிறதா உத்தேசம்?”

அளந்து சொல்கிறேன் என்றேன். அவசரத்தில் வாயில் வந்தது அதுதான். மறுநாள் காலை பையோடு உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

இப்போது என் புகாருக்கு வருகிறேன். அவள் போனதும் இரைச்சல் முற்றிலும் நின்றுவிட்டது. ஒரு அடி ஒரு அடியாகவே இருக்கிறது. முக்கோணம் இம்மியும் பிசகவில்லை. ஆனால் பாட்டு நன்றாக இல்லை. முதல் நாள் ஒரு பக்கம் முழுதும் கேட்டேன், மூன்றாம் நாள் பாதியில் நிறுத்தினேன், ஐந்தாம் நாளிலிருந்து போடவே இல்லை. நாற்காலியில் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். சாதத்தை வடித்துவிட்டு அதைச் சாப்பிட மறந்துவிடுகிறேன். எந்தப் பாகம் பழுது என்று தெரிவிக்கவும். யோசனை சொன்னவர் நீங்கள் என்பதால் இதைச் சரிசெய்யும் பொறுப்பும் தங்களையே சாரும்.

உங்கள் மனைவியை அன்போடு விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகள் நன்றாகப் படித்து, எதையும் அளக்காத வேலைக்குப் போகட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உங்கள் அக்காவிடம் நான் கோபமாக இல்லை என்று, அவள் கேட்டால் மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். உறையில் போடுமுன், தட்டு சுழல்வதை இன்று காலை சும்மா பார்த்துக்கொண்டிருந்தவன், பழைய வழக்கப்படி ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே சொச்சம் சுற்ற வேண்டிய தட்டு முப்பத்தைந்துக்கு மேல் சுற்றுகிறது. அடியில் நான் முடுக்கியது வேகத்தைக் கூட்டும் திருகாம். வேகம் ஏறினால் சுருதியும் ஏறும், அவள் சொன்னபடி பாட்டுதான் மேலே போயிருக்கிறது. ஊரார் தராசையெல்லாம் பிடித்தவன் என் வீட்டிலிருந்ததைச் சோதிக்கவில்லை. அதைவிட இன்னொன்று. முப்பது வருடமாக அவளும் அந்தப் பாட்டும் ஒரே சுருதியில் இருந்ததால்தான் அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்கவே இல்லை. பாட்டு நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்ததில் பாதி அவள்.

திருகைத் திருப்பிவிட்டேன். மிஷினும் நாற்காலியும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. ஸ்பீக்கர்கள் சுவரோடு ஒட்டி நிற்கின்றன. ஆகவே மேலே உள்ள புகாரை ரத்து செய்யவும்.

இந்த வரிகளை உங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு பென்சிலால் எழுதுகிறேன். தைலம் சட்டைப் பையில் இருக்கிறது. கடிதத்தைக் கதவிடுக்கில் தள்ளப்போகிறேன். உள்ளே சமையலறைப் பக்கமிருந்து ‘ம்ம்ம்’ என்று கேட்கிறது. உடனே கதவைத் திறக்க வேண்டாம். நான் நிற்கும் இடம் செருப்புப் பலகைக்கு இடப்புறம், அளக்கவில்லை, ஆனால் ஒலி இங்கே மிக நன்றாக இருக்கிறது. அவள் பாடி முடித்த பிறகு திறந்தால் போதும்.