ஜப்பான்காரரை மறித்த கதை

என் வாழ்க்கையில் ஒரே ஒரு போராட்டத்துக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். அது போராட்டம் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. மொத்தம் பத்து நிமிடம் நடந்தது. முடிவில் என் வேலை போயிற்று. (நம்ம ராசி அப்படி.)

நடந்தது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பிறந்தது பொதட்டூர்பேட்டைப் பக்கம். வாழ்க்கைப்பட்டது புதுவாயலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். இரண்டு வீட்டிலும் கழனிதான். பிறந்த வீட்டுச் சேற்றில் கால் கழுவிக்கொண்டு வந்து புகுந்த வீட்டுச் சேற்றில் இறங்கினேன். இடையில் கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவு கிடைத்தது.

பத்தாவது பாஸ் என்பதால் என்னைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டித் தருகிற கம்பெனி ஒன்றில் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் புறப்பட்டுவிட்டேன். மாமியார் வாசலில் நின்றார்.

"சொந்தக் கழனிய உட்டுட்டு எவன் கம்பெனிலயோ போய் ஒயரு கட்டப்போறியா? இன்னாடி பேஜாரு இது?"

"இல்ல அத்த, மாசம் பொறந்தா சம்பளம்."

"ஏன், இங்க இன்னா சோறு போடாமயா கீறோம்?"

என் வீட்டுக்காரர் லோகநாதன் இந்த விவகாரத்தில் உறுதியான முடிவு எடுத்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வேலை கிடைத்தது. ஆறு மாதம் டிரெய்னி, அதன்பிறகு பிடித்திருந்தால் பர்மனன்ட். நான் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. மூன்றாவது மாதமே பர்மனன்ட் ஆகிவிட்டதாக ஊருக்கே சொல்லிவிட்டேன். கம்பெனி கொடுத்த அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றியதே இல்லை. ரேஷன் கடைக்கு அதோடு போனேன், மாட்டுக் கொட்டகையில் அதோடு சாணி அள்ளினேன். ஒரு காதுகுத்து விசேஷத்தில் என் நாத்தனார், "இன்னா அண்ணி, தாலிய உள்ள போட்டுக்கினு இத வெளிய போட்டுக்கினு வந்துகீற?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் பாக்கி இருந்தபோது சூப்பர்வைசர் தனசேகர் எங்கள் லைனுக்கு வந்தார். மீஞ்சூர்க்காரர். பாவம், நல்ல மனுஷன். மறுநாள் ஜப்பானிலிருந்து ஒரு பெரிய கஸ்டமர் வருகிறார் என்றும், அவர் போனபிறகு பர்மனன்ட் லிஸ்ட் போடுவார்கள் என்றும் சொன்னார். எங்கள் லைன் லீடர் லீவு.

"அம்சா, நாளைக்கு லைன நீதான் பாத்துக்கணும். லிஸ்ட்ல உன் பேரும் இருக்கு. வர்றவருக்கு மரியாதையில ஒரு கொறையும் இருக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

கடைசி வாக்கியத்தை எதற்குச் சொன்னோம் என்று அவர் பிற்பாடு பல வருஷம் வருத்தப்பட்டிருக்கிறார்.

இங்கே எங்கள் நடவு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கழனியில் நடவு நடும்போது வரப்பில் யாராவது வந்தால், முன்னால் நிற்கிற பெண் ஒரு முடி நாற்றை, அதாவது கைப்பிடி அளவு கட்டிய நாற்றை, எடுத்து அவர் காலடியில் போடுவாள். மற்றவர்கள் "ஓ" என்று குரல் கொடுத்துக்கொண்டு சுற்றி நிற்பார்கள். வந்தவர் அந்த நாற்றைத் தாண்டக் கூடாது. வெற்றிலை பாக்குக்கு ஏதாவது கொடுத்தால்தான் வழி. இது மிரட்டல் இல்லை, மரியாதை. மறிக்காமல் விட்டால்தான் அவமானம். எங்கள் ஊரில் ஒருத்தர் தன்னை யாருமே மறிக்கவில்லை என்று அதே வரப்பில் மூன்று தடவை நடந்தார். மூன்றாவது தடவை இருமினார்.

அது நடவு காலம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் கழனியில் இறங்கி நட்டிருந்தேன். கையும் காலும் கம்பெனியில் இருந்தாலும் புத்தி சேற்றிலேயே இருந்தது. எங்கள் லைனில் பத்துப் பேர். ஒன்பது பேர் கழனி வீட்டுப் பெண்கள். பத்தாவது, பழவேற்காட்டிலிருந்து வருகிற மும்தாஜ். அவர்கள் குடும்பம் துணி வியாபாரம், நடவுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் அன்றைக்கு அவளுக்கு மட்டும் மூளை வேலை செய்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஜப்பான்காரர் வந்தார். ஒல்லியான, வயதான மனுஷன். எங்களைப் போலவே தலையில் தொப்பி, மேலே வெள்ளைக் கோட்டு. ஒரு பக்கம் மேனேஜர், மறு பக்கம் தனசேகர். தரையில் நடப்பதற்கென்று இரண்டு மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள், அதற்குள்ளேயே நடந்து வந்தார். (வரப்பு மாதிரியேதான் இருந்தது, நான் இன்னா பண்ணட்டும்?)

முதல் லைனைத் தாண்டினார். ஒருத்தரும் நிமிரவில்லை. இரண்டாவது லைன், மூன்றாவது லைன், அங்கேயும் அப்படியே. எனக்கு ரத்தம் கொதித்தது. கடல் தாண்டி வந்த மனுஷன், மறிக்க ஒரு நாதி இல்லை. ஊருக்குப் போய் நம்மைப் பற்றி என்ன சொல்வார்? மரியாதையில் குறை இருக்கக்கூடாது என்று தனசேகர் சொன்னது காதில் ஒலித்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், வெளிறிப் போயிருந்தது. பயம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் எழுந்தேன். நடவில் முன்னால் நிற்கிறவள் நிமிர்ந்தால் எல்லோரும் நிமிர வேண்டும், அதுதான் பழக்கம். எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள்.

"அக்கா, வேணாங்கா, உக்காருக்கா," என்று மும்தாஜ் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உனக்கு இதெல்லாம் தெரியாது, உடு."

கையிலிருந்த ஒயர்க் கட்டோடு போனேன். அதுவும் நாற்று முடி அளவுதான் இருக்கும். ஜப்பான்காரர் காலடியில், இரண்டு மஞ்சள் கோட்டுக்கும் குறுக்கே போட்டேன். எட்டுப் பேரும் சுற்றி நின்று "ஓ" என்றார்கள். தகரக் கூரை என்பதால் கழனியில் கேட்பதைவிட நன்றாகவே கேட்டது.

ஜப்பான்காரர் ஓரடி பின்னால் போய்த் தலை குனிந்தார். எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷன் என்று நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். விடுவேனா, நானும் குனிந்தேன். நாலாவது தடவை என் தொப்பி விழுந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் தொழிலாளர்கள் அதிகாரியை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது, மேனேஜருக்குத் தெரியும். அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"என்ன இது? உங்க கோரிக்கை என்ன?"

"கோரிக்கையெல்லாம் ஒண்ணுமில்ல சார். அவரா பாத்து இன்னா குடுத்தாலும் சரி."

"எவ்வளவுன்னு சொல்லுங்க, பேசலாம்."

"நம்ம வாயால கேக்கக்கூடாது சார். அது மொற இல்ல."

"யாருக்கு? உங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான் சார். நான் மட்டும் வாங்கினா நல்லாவா இருக்கும்?"

அவர் தன் சர்வீஸில் இப்படி ஒரு கெட்டிக்காரத் தலைவியைப் பார்த்திருக்கமாட்டார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல வழிய விடுங்கம்மா" என்று கெஞ்சினார்.

"குடுத்தாதான் சார் வழி."

எங்களுக்குப் பின்னால், கட்டுகளைச் சுமந்து வரும் பெல்ட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் வேலையை மும்தாஜ் ஒருத்தியே அங்குமிங்கும் ஓடிச் செய்துபார்த்தாள். முடியாமல், கட்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழ ஆரம்பித்ததும் அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டாள். சைரன் அலறியது. எல்லா லைனும் நின்றது. வாசலிலிருந்து செக்யூரிட்டிகள் ஓடி வந்தார்கள். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து நடக்காத வேலைநிறுத்தம் இப்படியாகப் பூரண வெற்றி பெற்றது.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். ஜப்பான்காரர் மெல்லக் குனிந்து அந்த ஒயர்க் கட்டைக் கையில் எடுத்தார். பழக்க தோஷம், அவருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிப் பார்த்தார். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு கிளிப் இருக்க வேண்டும். இல்லை. மேனேஜரிடம் காட்டினார். காலையிலிருந்து எத்தனையோ கட்டுகள் ஒழுங்காகக் கட்டிய நான், கிளிப் போட மறந்த ஒன்றைத் தேடி எடுத்தது போல அவர் காலடியில் சமர்ப்பித்திருந்தேன்.

பதினைந்து நிமிடத்தில் மேனேஜர் ரூமில் நின்றேன்.

"உண்மையைச் சொல்லுங்க. எந்தச் சங்கம்?"

"பால் சங்கத்துல மட்டும்தான் சார் இருக்கேன்."

 நான் நடவு, நாற்று, வெற்றிலை பாக்கு என்று ஏதோ உளறினேன். நாக்கு குழறியதில் எனக்கே அது பொய் போலத்தான் இருந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேனேஜர்.

கம்பெனி வேன் சாயங்காலம்தான் கிளம்பும். அதனால் ஷேர் ஆட்டோவில் புதுவாயல் வந்து, அங்கிருந்து ஊர் வரை நடந்தேன். வழி முழுக்க அழுதேன். வேலை போனதற்காகக்கூட இல்லை. பர்மனன்ட் என்று ஊர் பூராவும் சொல்லி வைத்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான். வீட்டில், கம்பெனியில் மெஷின் ரிப்பேர், ஒரு வாரம் லீவு என்று சொல்லிவிட்டேன்.

"லீவுதானே, சும்மா எதுக்கு குந்திக்கினு கீற? கழனிக்கு வா," என்றார் மாமியார்.

ஐந்தாம் நாள். பதினைந்து பெண்கள் நட்டுக்கொண்டிருந்தோம். முன்னால் மாமியார். ரோட்டில் ஒரு பைக் வந்து நின்றது. பளபளக்கிற ஷூவோடு, கையில் ஒரு காகிதத்தோடு, தனசேகர் வரப்பில் இறங்கித் தட்டுத் தடுமாறி வந்தார். நான் எந்தச் சங்கத்திலும் இல்லை என்று எழுதி வாங்கிப்போக மேனேஜர் அனுப்பியிருக்கிறார். நான் எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்தேன். மூக்கில் சேறு ஒட்டியது.

மாமியாருக்கு வந்தவர் யார் என்று தெரியாது. ஒரு முடி நாற்றை எடுத்தார். வந்தவர் காலடியில் போட்டார். மற்ற பதிமூன்று பேரும் "ஓ" என்றார்கள்.

தனசேகர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"அம்மா, நான் வெறும் சூப்பர்வைசர்மா!"

"யாரா இருந்தா இன்னா நைனா? வெத்தல பாக்குக்கு குடுத்துட்டு போ."

அவர் நாற்றைப் பார்த்தார். சேற்றில் பாதி புதைந்திருந்த என்னைப் பார்த்தார். "அம்சா, இதுதானா அன்னிக்கு?" என்று கேட்டவர், அப்படியே வரப்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, கதை முழுவதையும் பதினைந்து பேருக்கும் சொன்னார். குனிந்ததை மட்டும் இரண்டு தடவை நடித்துக் காட்டினார். நான் பர்மனன்ட் ஆகவே இல்லை என்பதும் அதில் வந்துவிட்டது.

 எனக்கு அந்தச் சேற்றிலேயே புதைந்து போய்விடலாம் என்றிருந்தது. மாமியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு வந்தவர் பக்கம் திரும்பினார். வெற்றிலை பாக்குக்கு ஐம்பது ரூபாய் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார் தனசேகர்.

"துட்ட உள்ள வெய்யி நைனா. இவள திரும்ப சேத்துக்கறன்னு சொல்லு. அப்பறம் நாத்த எடுக்கறேன்."

"அது என் கையில இல்லம்மா. மேனேஜர்தான் சொல்லணும்."

"அதான் பையில போன் வெச்சிக்கினு கீறியே, கேளு. நான் சம்பந்தி வூடு வரிக்கும் மருமவ கம்பெனில கீறான்னு பெருமயா சொல்லி வெச்சிக்கீறேன். என் மானம் இன்னாத்துக்கு ஆவுறது?"

என்னைக் கம்பெனிக்கு அனுப்பமாட்டேன் என்று வாசலில் நின்ற அதே மாமியார்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

இரண்டு பக்கமும் முழங்கால் அளவு சேறு. முன்னால் நாற்று. பின்னால் திரும்பலாம் என்றால் அங்கேயும் நாலு பேர் ஏறி நின்றுவிட்டார்கள். தனசேகர் வரப்பிலிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்று முழுதாகத் தெரியாது. "இல்ல சார், என்னையும் மறிச்சிட்டாங்க சார்" என்பது மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த மாதம் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். லைனில் இல்லை, அட்டைப்பெட்டி ஒட்டுகிற பிரிவில். பர்மனன்ட் ஆக இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. யாராவது வெளிநாட்டுக்காரர் வருகிறார் என்றால், நான் ரிட்டயர் ஆகும் வரை என்னைக் கேன்டீனுக்கு அனுப்பி, அவர் கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. இந்த மாதமும் ஒருத்தர் வந்தார், இரண்டு மணிநேரம் டீ குடித்தேன்.

மாமியாருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை அவர்தான் சொல்வார். என் வீட்டுக்காரரும் மகளும் கூடவே உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பார்கள். முடிக்கும்போது என்னைக் கைகாட்டி ஒரே மாதிரிதான் முடிப்பார்:

"இவளும் மறிச்சா, கையில இருந்த வேல போச்சு. நானும் மறிச்சேன், போன வேல திரும்பி வந்துச்சு. பத்தாவது படிச்சா மட்டும் போதுமா?"