ஒரிஜினல் சிரில்

திரையின் வலது மூலையில் அந்த எழுத்து மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. சிரில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அழுக்கு கண்ணாடியில் இல்லை.

‘இந்தக் கணினிக்கு லைசென்ஸ் இல்லை. உடனே பதிவு செய்யவும்’ என்று ஆங்கிலத்தில், சாம்பல் நிறத்தில் நின்றது.

“என்னங்க அது?” என்றார் அவர் மனைவி டோரிஸ், ஜெபக்கூடத்துப் பூச்சாடியைத் துடைத்தபடி.

“ஒண்ணுமில்ல. நீ உன் வேலையைப் பாரு.”

பிரிக்பீல்ட்ஸில் வேறு யாருக்காவது வந்திருந்தால் ஒன்றுமில்லைதான். இவர் ஒரிஜினல் சிரில் ஆயிற்றே! ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஊரே திருட்டு சிடி அள்ளிய காலத்திலும் கடைக்குப் போய் பில் போட்டுப் படம் வாங்கியவர். பாட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்ததற்காகப் போதகரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர். பக்கத்து வீட்டில் விருந்தாளிகளோடு படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, “இது எந்த வழியா வருது?” என்று கேட்டே டிவியை அணைக்க வைத்த புண்ணியவான். அவர் முதுகுக்குப் பின்னால் சபைக்காரர்கள் நாங்கள் சிரித்தது உண்மை. முகத்துக்கு நேராகச் சிரிக்க யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

கடைவீட்டு மாடியில் இருக்கும் ஜெபக்கூடத்தில், பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவது அவர் பொறுப்பு. கணினி கிழடு. சபை இரண்டாம் சரணத்துக்குப் போன பிறகும் அது முதல் சரணத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். இத்தனை நாளும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

ஆட்கள் என்றால் கேவினின் அப்பாவும் அம்மாவும். சிரிலின் மகள் கிறிஸ்டினுக்கும் கேவினுக்கும் காலேஜிலிருந்தே பழக்கம். பெண் கேட்டு வருவதாக இரண்டு முறை நாள் சொன்னார்கள். இரண்டு முறையும் வரவில்லை. முதல் முறை கார் கெட்டுவிட்டதாம். அடுத்த முறை காப்பாரில் ஒரு சாவாம். காப்பாரில் அன்றைக்கு அவர்கள் சொந்தத்தில் யாரும் சாகவில்லை; நாங்கள் விசாரித்துவிட்டோம். இப்போது, “ஆராதனைக்கு வர்றோம், அப்புறம் பாப்போம்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் ‘பாப்போம்’ சிரிலைக் குடைந்தது. வந்தவர்கள் முன்னால் திரை திக்கித் திணறக் கூடாது என்று, கணினிக்குள் இருந்த பழைய மதர்போர்டைக் கழற்றிப் புதுசு போட வைத்தார். வேகம் வந்தது. லைசென்ஸ் போய்விட்டது.

பெட்டியின் பின்புறம் ஒட்டியிருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தார். ‘இது வேறொரு கணினியின் எண்’ என்றது.

“வேற கணினியா? அதே பெட்டி லா! நானே தூக்கிட்டு வந்த பெட்டி!”

உதவி எண்ணுக்கு அழைத்தார்கள். திரையில் தெரியும் நீளமான எண்ணைப் போனில் அழுத்தச் சொன்னது ஓர் இயந்திரக் குரல். டோரிஸ் படித்தார், சிரில் அழுத்தினார்.

“நாலு, ஏழு, ஏழு, ஏழு...”

“ரெண்டு ஏழா, மூணு ஏழா?”

“நீங்க எத்தனை அழுத்துனீங்க?”

“நான் உன்னைக் கேட்டா நீ என்னைக் கேக்குறியா?”

இயந்திரத்துக்கே அலுத்துப் போய்த் தொடர்பைத் துண்டித்துவிட்டது. பலமுறை முயன்ற பிறகு உயிருள்ள ஒரு பெண் கிடைத்தாள். பின்னால் டோரிஸ் திட்டுவதைக் கேட்டு அவளும் தமிழுக்கு மாறினாள்.

“சார், அந்த லைசென்ஸ் பழைய போர்டோட சேர்ந்தது. போர்டு போனா அதுவும் கூடவே போயிடும்.”

“உடன்கட்டையா ஏறுது? கட்டுன பொண்டாட்டியே இப்ப அப்படிப் போறதில்லம்மா!”

“ஏன், போகணுமா?” என்றார் டோரிஸ்.

“புதுசா ஒண்ணு வாங்கிடுங்க சார்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தாள்.

பழைய போர்டையே திரும்ப மாட்டிவிடலாம் என்று கடைக்கு ஓடினார் சிரில். போர்டு மாற்றிக் கொடுத்த விமலன் தலையைச் சொறிந்தான்.

“அது பழைய இரும்பு லோரியில போயிடுச்சு அங்கிள். விடுங்க, என்கிட்ட ஒரு நம்பர் இருக்கு. தட்டுனா ஓகே ஆயிடும். பாதி பிரிக்பீல்ட்ஸ் அதுலதான் ஓடுது.”

“திருட்டு நம்பரா? ஜெபக்கூடத்துக்கா?”

“திருட்டுல ஓட்டுறவன்லாம் நிம்மதியா தூங்குறான். காசு கொடுத்த நீங்கதான் கண்ணு செவந்து நிக்கிறீங்க.”

வீட்டில் கிறிஸ்டின் கெஞ்சினாள். “அப்பா, ப்ளீஸ் லா. புதுசு நான் வாங்கித் தரேன். இந்த வாட்டியும் அவங்க பின்வாங்கிட்டா அவ்வளவுதான்பா. கேவினால அதுக்கு மேல பேச முடியாது.”

“திருடாதவன் எதுக்கும்மா தண்டம் கட்டணும்? அந்த எழுத்து யார் கண்ணுலயும் படாம நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் புரொஜெக்டரை லேசாக வலப்பக்கம் திருப்பி, அந்த மூலை மட்டும் திரைக்கு வெளியே விழும்படி வைத்தார். அங்கே பாட்டுக்கு வாசிக்கும் கீபோர்டும் அதற்குப் பின்னால் கறுப்புத் திரைச்சீலையும்தான். கறுப்புத் துணியில் எழுத்து இருந்த இடமே தெரியவில்லை. சிரில் தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிக்கும் தங்கமணி வந்து சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வெள்ளைப் புடவை, வெள்ளை ரவிக்கை. தாராளமான முதுகு. ‘லைசென்ஸ் இல்லை’ என்ற வாசகம் ஓர் எழுத்துகூட விடுபடாமல் அதில் பளிச்சென்று விழுந்தது. தங்கமணி அசைந்து வாசிக்க வாசிக்க, எழுத்தும் தாளம் தப்பாமல் ஆடியது.

முன்வரிசையில் இருந்த கேவினின் அப்பா தன் மனைவி மலரிடம் குனிந்தார். “இந்த அக்காதானே இப்ப கார் ஓட்டிட்டு வந்தாங்க?”

மலர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். முன்வரிசை குலுங்கியது. என்ன ஏதென்று தெரியாத தங்கமணி, தன் வாசிப்பில்தான் சபை உருகுகிறது என்று நினைத்து இன்னும் பலமாக ஆடினார்.

சிரில் பதறிப்போய்ப் புரொஜெக்டரை இடப்பக்கம் தள்ளினார். தள்ளிய வேகத்தில் முழங்கை கணினியின் ஏதோ ஒரு பட்டனில் பட்டது. பாட்டு மறைந்தது. திரை முழுக்க, சுவர் அகலத்துக்கு, ஒரே ஒரு அறிவிப்பு: ‘நீங்கள் பயன்படுத்துவது ஒரிஜினல் அல்ல.’

பாட்டு நின்றது. சபையே திரும்பி சிரிலைப் பார்த்தது. கடைசி வரிசையில் யாரோ “ஆமென்” என்றார்கள். கண்ணை மூடியிருந்த போதகர் ஒருவர்தான் எதையும் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் கறிபாப் பலகாரத் தட்டைச் சுற்றி நின்றபோது, சிரில் புரொஜெக்டர் மேசைக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்ததைப் பிரித்து மறுபடியும் சுருட்டினார். கிறிஸ்டின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள். கேவின் அவளுக்குப் பக்கத்தில் தே தாரிக் தேநீரைக் குடிக்காமலேயே கலக்கிக்கொண்டிருந்தான். டோரிஸ் கணவர் இருந்த திசையையே பார்க்கவில்லை.

கிள்ளான்காரர்கள் இருவரும் எழுந்து நேராக சிரிலிடம் போனார்கள். நாங்களும் தட்டைக் கையில் பிடித்தபடி இரண்டடி நெருங்கி நின்றோம்.

“அண்ணே,” என்றார் மலர், “நிச்சயத்தை அடுத்த மாசமே வச்சுக்கலாமா?”

ஒயர் கீழே விழுந்தது. “அடுத்த... பொண்ணைப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?”

“பொண்ணை எப்பவோ பிடிச்சிடுச்சு. இன்னிக்குத்தான் குடும்பத்தையும் பிடிச்சுது.”

டோரிஸ் அங்கேயே “ஸ்தோத்திரம்” என்று நாற்காலியில் சாய்ந்தார். கிறிஸ்டின் அழுதுகொண்டே சிரித்தாள். கேவின் ஒரே மூச்சில் தே தாரிக்கைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். சிரிலுக்கு நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனது முகத்தில் தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவர் சிரிலா?

“ஒரு நிமிஷம். திரையில வந்ததை நம்பிடாதீங்க. அது சுத்தமான ஒரிஜினல். என்கிட்ட பில்லு இருக்கு, இப்பவே எடுத்துக் காட்டறேன்...”

கேவினின் அப்பா அவசரமாக அவர் தோளில் கை போட்டுச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார்.

“பில்லெல்லாம் வேணாம் சம்பந்தி, கிழிச்சுப் போட்டுடுங்க! கிள்ளான்ல நான் விக்கிற பை, வாட்ச், சப்பாத்து ஒண்ணுகூட ஒரிஜினல் இல்ல. ஒரிஜினல் சிரில் வீட்டுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பொண்ணு கேக்குறதுன்னு பயந்துதான் நாங்க ரெண்டு வாட்டியும் வராம நின்னோம்!”