இருபத்தஞ்சு கெஜத்துக்குள் இருநூறு கெஜம்

ஆவடியில் அந்தக் காலத்தில் யாராவது சந்திரனையே சுடக் கிளம்பியிருந்தாலும், முதலில் 'இருபத்தஞ்சு கெஜ'த்திடம் வந்து யோசனை கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டாலும் அவர் விட்டிருக்க மாட்டார், வழிமறித்துச் சொல்லியிருப்பார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துவிட்டதாகக் கேள்வி.

எங்கள் தொழிற்சாலையின் துப்பாக்கிக் குழுவில் அவர், நான், ஸ்டோர்ஸ் செல்வராஜ் என்று மூன்றே பேர். டெலஸ்கோப் வைத்த ரைஃபிள் ஒன்றே ஒன்று. போட்டி நடப்பது இருநூறு கெஜ தூரத்தில். எங்களுக்கு வாய்த்த பயிற்சி இடமோ இருபத்தைந்து கெஜத்தில் மண்சுவரில் முட்டி நிற்கும். போதும் என்பார் அவர். இங்கே குண்டு நடுப்புள்ளியில் விழும்படி டெலஸ்கோப்பைத் திருகி வைத்துவிட்டால் அங்கேயும் நடுவில்தான் விழுமாம்.

எப்படி என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். தோட்டத்து ரப்பர் குழாயை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துச் சற்றே மேல்நோக்கிப் பீய்ச்சினார்.

"கண்ணு மேல கீது, குழா கீய கீது. தண்ணி மேல ஏறசொல்ல, கண்ணு பாக்கற கோட்ட கிட்டயே ஒரு தபா தாண்டுது பாரு. அப்பால எறங்கசொல்ல, தூரத்துல அதே கோட்ட இன்னொரு தபா தொடும். குண்டும் அப்டித்தான் நைனா."

தண்ணீர் இரண்டாம் தபா தொட்ட இடத்தில் மேலதிகாரியின் கஞ்சி போட்ட யூனிஃபார்ம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் விளக்கம் கேட்ட அதிகாரிக்கும் அதே குழாயை வைத்தே விளக்க முயன்றார் என்றால் பாருங்களேன்!

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதே கதைதான். ஜாதகத்தை மூடி வைத்துவிட்டு, பையனை ரயிலடி டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீ கொண்டுவந்தவரிடம் எப்படிப் பேசுகிறான் என்று பார்த்தால் அறுபது வயதில் எப்படி இருப்பான் என்று தெரிந்துவிடுமாம். கல்யாணம் அந்த டீயிலேயே முடிவாகிவிட்டது.

அந்த வருஷம் அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்தத் தடவையும் தோற்றால் ரைஃபிள் வேறு தொழிற்சாலைக்குப் போய்விடும். அன்றிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. ரைஃபிளைத் துடைப்பதும் பெருமூச்சு விடுவதுமாகவே திரிந்தார்.

போட்டி ஆயுத பூஜைக்கு மறுநாள். பூஜை போட்டது செல்வராஜ். பக்திமான். ரைஃபிளுக்கு மாலை போட்டான், சந்தனம் பூசினான், டெலஸ்கோப்பின் இரண்டு திருகுகளுக்கும் மறக்காமல் பொட்டு வைத்தான். அதோடு விட்டானா? மறுநாள் காலையில் ஈரத்துணியால், ஊறுகாய் ஜாடி மூடியைத் துடைப்பதுபோல் திருகித் திருகிச் சுத்தம் செய்துவிட்டான். மாதக்கணக்கில் சரிபார்த்து வைத்த குறி அத்தோடு போயிற்று.

வந்து பார்த்த 'இருபத்தஞ்சு கெஜம்' திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நேரே மண்சுவருக்கு ஓடினார். காகிதம் ஒட்டினார், சுட்டார், திருகினார், மறுபடி சுட்டார். செல்வராஜ் ஜுரம் கண்டவன்போல் நின்றான்.

"இருநூறு கெஜத்துக்கு இங்க சுட்டு இன்னா ஆவப்போவுது அண்ணாத்தே?"

அவர் அடுத்த குண்டைப் போட்டார். காகிதத்தின் நடுப்புள்ளி கிழிந்த பிறகுதான் லாரியில் ஏறினார்.

மைதானத்தில் அதிகாரி அவர் காதோரம் குனிந்து, தூரம் அதிகம், கொஞ்சம் தூக்கியே குறி வைக்கும்படி சொன்னார். பவ்யமாகத் தலையாட்டிவிட்டு நட்டநடுவில் குறி வைத்தார் நம்மவர். சுட்டார். குறிப்பலகைக்குக் கீழே பள்ளத்தில் இருந்த ஆள், குண்டு பட்ட இடத்தைக் காட்ட, கம்பில் செருகிய தட்டை மெல்ல உயர்த்தினார். அது நேரே நடுப்புள்ளியில் போய் உட்கார்ந்தது. மற்ற குண்டுகளும் அதை ஒட்டியே விழுந்தன. மயிரிழையில் ஜெயித்தோம். ரைஃபிள் எங்களுக்கே என்று ஆயிற்று.

அதிகாரி கை நீட்டிக்கொண்டு வந்தார். இவரோ அவரைத் தாண்டி, லாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த செல்வராஜிடம் போய் ரைஃபிளை அவன் கையில் கொடுத்தார்.

"வர்ற வருசமும் நீதான் பூஜ போடணும். சந்தனத்த துப்பாக்கி கட்டையில வை. திருகாண்ட மட்டும் போவாத, இன்னா?"

செல்வராஜ் அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். இதை எழுதும்போது எனக்கும் கண் கலங்குகிறது. அவ்வளவு பிடிக்கும் எனக்கு அந்த மனுஷரை.