ஒன்பது வருஷமாக வராத கிடாய்

தம்பி மார்ஷலுக்கு, ஜெய் யேசு. உன் வீட்டில் எல்லாரும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே என் முழங்காலும் நேற்றைய ஆட்டமும் தவிர மற்றதெல்லாம் நலம்.

நம் ஊர் அணி ஹாக்கியில் ஜெயித்துப் பரிசுக் கிடாயைத் தோளில் போட்டு வந்து ஒன்பது வருஷம் ஆயிற்று. கடைசியாக வந்தது கறுப்பு, இடது காது கிழிந்தது. உன் அத்தானுக்கென்று எடுத்துவைத்த ஈரலை நீ தின்றாய். மறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டாம் பரிசுக் கோழிதான், அதுவும் சில வருஷம். போன தவக்காலத்தில் அவர் சாகக் கிடந்தபோதும், "இந்த வருசமாவது கிடாய் வருமாடி?" என்றுதான் கேட்டார். வரும் என்று பொய் சொன்னேன்.

அணிக்கு ஆள் எடுப்பவன் நீ. லக்ரா வீட்டுக்கு முன்வரிசை, எக்கா வீட்டுக்கு நடு, எங்கள் வீட்டுக்குக் கோல் காவல், அப்பன் நின்ற இடத்தில் மகன் என்று காணியைப் போலப் பங்கு வைத்திருக்கிறாய். அதனால்தான் அவர் ஆடுவதை விட்ட பிறகு என் மகன் சீலாஸ் கோலில் நிற்கிறான், நாற்பத்தொரு வயதில். நேற்று நாலு பந்து விட்டான். நாலாவது, தண்ணீர் குடிக்கப் போகும் கன்று மாதிரி அவன் காலிடையே மெதுவாகப் போயிற்று. எதிர் ஊர்க்காரி ஒருத்தி என் காதுபட, "அங்க அந்தக் கிடாயையே கட்டியிருந்தா ரெண்டையாவது முட்டித் தள்ளியிருக்கும்டி" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெற்றவள் சிரிக்கலாமா?

உன் மகள் அனிமா பெண்கள் அணியில் ஈயைக்கூட உள்ளே விடுவதில்லை. அவளைக் கோலில் நிறுத்தச் சொன்னால், "பொம்பளப் புள்ளைய நிறுத்தினா ஊரு சிரிக்கும்க்கா" என்கிறாய். ஒம்பது வருசமா ஊரு அழுதுகிட்டா இருக்கு? முளைக்காத விதையை மறுவருஷம் யாராவது தூவுவார்களா? மாற்றினால் தோற்றாலும் தோற்கலாம். மாற்றாவிட்டால் தோற்பது நிச்சயம். சீலாஸை எடுத்துவிடு. அவன் அம்மாவே சொன்னாள் என்று சொல்.

உன் வயலுக்கு மழையும் உன் பெண்டாட்டி நாக்குக்கு ஓய்வும் கர்த்தர் அருளட்டும்.

அக்கா பிஸ்வாசி

பி.கு.: மடிக்கும்போது சீலாஸ் வந்தான். பந்தடி படாமல் அவன் அப்பா காலில் கட்டிய மெத்தைப் பேடு கிழிந்துவிட்டதாம். "தச்சுக் குடும்மா. அடுத்த வாரம் பக்கத்து ஊருப் போட்டிக்குப் போய்க் கிடாயோட வாரேன், அப்பாவுக்கு ஒரு பங்கு வெப்போம்" என்றான். தைத்துக் கொடுத்தேன். மேலே எழுதியது அத்தனையும் சரிதான். ஆனாலும் அடுத்த வாரம் அவனையே நிறுத்து. கோழி வந்தால் ஈரல் எனக்கு.